கேட்காமல் வாங்கிய மேக்

மார்ச் 2, திங்கள்

கிளினிக் முழுக்கப் பெயிண்ட் வாசனை. என் அறைச் சாமான்களையெல்லாம் நடையில் அள்ளிப் போட்டிருக்கிறார்கள். "லுக்கை மாத்தணும்" என்று அண்ணன் மாதக்கணக்காகச் சொல்லிக்கொண்டிருந்தான். மாற்றட்டும். வெளிவேலை அவனுடையது, காது வேலை என்னுடையது. கிளினிக் ஆரம்பித்த நாளிலிருந்து அப்படித்தான் ஓடுகிறது.

நடையிலேயே நாற்காலி போட்டு ஓர் அம்மாவைப் பார்த்தேன். சிரித்தால் காது மெஷின் விசில் அடிக்கிறதாம். "அப்ப சிரிக்காதே" என்று வீட்டுக்காரர் யோசனை சொன்னாராம். காதுக்குள் வைக்கும் அச்சு தளர்ந்துபோயிருக்கிறது, வேறொன்றுமில்லை. புது அச்சுக்கு அளவெடுத்தேன். போகும்போது விசிலடித்துக்கொண்டே சிரித்தார்.

நாளைக்கு எனக்கு லீவு. அறை புதன்கிழமை தயாராகிவிடும் என்கிறான்.

மார்ச் 4, புதன்

எங்கே ஆரம்பிப்பது?

சுவர் வெள்ளை, மேஜை வெள்ளை, நாற்காலி வெள்ளை. மேஜைமேல் தகடு மாதிரி ஒரு மேக். என் கம்ப்யூட்டரைக் காணோம்.

"சர்ப்ரைஸ்!" என்றான் அண்ணன். ரிசப்ஷனை விட்டு எழுந்துவந்து அண்ணி பக்கத்தில் நிற்கிறார், கைதட்டத் தயாராக.

"பழசு எங்கே?"

"எக்ஸ்சேஞ்சுல போயிடுச்சு. கவலைப்படாதே, உள்ள இருந்ததையெல்லாம் காப்பி எடுத்து வெச்சிருக்கேன். நான் என்ன மடையனா?"

"அண்ணா, ஃபிட்டிங் சாஃப்ட்வேர் விண்டோஸ்ல மட்டும்தான் ஓடும்."

"இந்தக் காலத்துல எது எதுல ஓடாது? ஒருநாள் உக்காந்து பழகு பாப்பா."

பாப்பா! தலையில் பாதி நரை. ஏதாவது ஒன்றை என் தலையில் கட்டும்போது மட்டும் நான் பாப்பா.

இதை எழுதிவைக்க வேண்டும். பின்னால் கோபம் தணிந்து 'இது ஒரு பெரிய விஷயமா' என்று எனக்கே தோன்றிவிடக் கூடாது. காது மெஷின் என்பது வாங்கி மாட்டிக்கொள்கிற பொருள் இல்லை. எந்தச் சத்தம் கேட்கவில்லையோ அதை மட்டும் தூக்க வேண்டும், கேட்கிறதை விட்டுவிட வேண்டும். ஒவ்வொரு காதுக்கும் ஒரு கணக்கு. அந்தக் கணக்கை மெஷினுக்குள் எழுத, மெஷின் செய்கிற கம்பெனி ஒரு சாஃப்ட்வேர் தருகிறது. நான் வாங்கி விற்கிற கம்பெனிகள் தருவதெல்லாம் விண்டோஸுக்குத்தான். கம்ப்யூட்டரில் ஒரு சின்ன இணைப்புப் பெட்டியைச் செருகி, அதிலிருந்து வரும் ஒயரை மெஷினில் மாட்டி எழுத வேண்டும். என் வேலையே அதுதான். அது இல்லையென்றால் அந்த அறையில் நான் இன்னொரு வெள்ளை நாற்காலி.

"ரொம்ப அழகா இருக்கில்ல?" என்றார் அண்ணி.

"இருக்கு அண்ணி. நகைக்கடையில வெச்சா இன்னும் அழகா இருக்கும்."

அண்ணன் முகம் சுருங்கியது. சுருங்கட்டும்.

மார்ச் 5, வியாழன்

வந்தவர்களையெல்லாம் திருப்பி அனுப்பினேன். அண்ணன் போனை எடுக்கவில்லை.

மார்ச் 6, வெள்ளி

கடையிலிருந்து ஒரு டெக்னீஷியனைக் கூட்டிவந்தான். நல்ல பையன்தான், ஆனால் எதைக் கேட்டாலும் "ஆயிடும்". சாஃப்ட்வேர் ஓடுமா? ஆயிடும். ஃபைல் எல்லாம் வருமா? ஆயிடும். மதியத்துக்குள் அவனுக்கு 'ஆயிடும்' என்றே பெயர் வைத்துவிட்டேன்.

"வெர்ச்சுவல் மெஷின் போட்டுடலாம் மேடம். மேக்குக்குள்ளயே ஒரு விண்டோஸ் கம்ப்யூட்டர்."

"உள்ளே எங்கே இருக்கும்?"

"நிஜமா இருக்காது மேடம். ஆனா இருக்கும். மேக்கோட மெமரில கொஞ்சம், டிஸ்குல கொஞ்சம் பிரிச்சுக் குடுத்துட்டா, அது தன்னைத் தனிக் கம்ப்யூட்டர்னு நெனச்சுக்கும்."

இல்லாத கம்ப்யூட்டர், இருப்பதாக நினைத்துக்கொள்கிறது. எங்கள் வீட்டில் சிலர் மேனேஜர் என்று நினைத்துக்கொள்வதுபோல.

நியாயமாகச் சொல்ல வேண்டும். அவன் செய்துதான் காட்டினான். மேக் திரைக்குள் ஒரு ஜன்னல், அந்த ஜன்னலுக்குள் முழு விண்டோஸ். அதில் என் ஃபிட்டிங் சாஃப்ட்வேரை ஏற்றித் திறந்தான். திறந்தது! அண்ணி கைதட்டினார். அண்ணன் செல்போனில் படமே எடுத்துவிட்டான். எனக்கும், பொய் சொல்வானேன், நெஞ்சு கொஞ்சம் லேசானது.

பிறகு நான் இணைப்புப் பெட்டியைச் செருகினேன்.

ஒன்றுமில்லை. "கருவி காணப்படவில்லை." மறுபடியும் செருகினேன். காணப்படவில்லை. பெட்டி என் கையில் இருக்கிறது, கண்ணுக்குத் தெரிகிறது, அதற்குத் தெரியவில்லை.

"ஆயிடும்" என்றான் ஆயிடும். அண்ணன் அதற்குள் படத்தை நாலு பேருக்கு அனுப்பிவிட்டிருந்தான்.

மார்ச் 9, திங்கள்

காது மெஷின் கம்பெனியின் உதவி எண்ணைக் கூப்பிட்டேன். ஒரு பெண் பொறுமையாகக் கேட்டுவிட்டுச் சொன்னார்: "மேடம், உங்க மேக்ல இருக்கறது வேற ஜாதி சிப். அதுக்குள்ள ஓடற விண்டோஸும் அந்த சிப்புக்கான விண்டோஸ். சாஃப்ட்வேரை அது எப்படியோ மொழிபெயர்த்து ஓட்டிடும். ஆனா பெட்டியோட பேசற டிரைவர்னு ஒண்ணு இருக்கில்ல, அதை நாங்க அந்த சிப்புக்கு எழுதலை."

"எப்ப எழுதுவீங்க?"

"தெரியலை மேடம்."

இந்தப் பெண்ணைத் திட்ட முடியவில்லை. உண்மையைச் சொன்ன முதல் ஆள்.

அப்படியே அண்ணனிடம் போய்ச் சொன்னேன். சாதாரண விண்டோஸ் கம்ப்யூட்டர் ஒன்று போதும், புதுசுகூட வேண்டாம் என்றேன்.

"மறுபடியும் அந்தக் கறுப்புப் பெட்டி அந்த ரூமுக்குள்ள வரக் கூடாது. இவ்வளவு செஞ்சது எதுக்கு? ஒரு மாசம் பொறு. எல்லாம் செட்டாயிடும்."

இவனுக்கும் தொற்றிக்கொண்டது அந்த வார்த்தை.

மார்ச் 11, புதன்

கம்பெனி ஒயர் இல்லாத பெட்டி ஒன்று அனுப்பியது. புது மெஷின்களோடு காற்றிலேயே பேசும், இதற்குத் தனி டிரைவர் வேண்டாமாம். செருகியதும் மேக் ஒரு கேள்வி கேட்டது: இதை மேக்கோடு இணைக்கவா, விண்டோஸோடு இணைக்கவா? விண்டோஸ் என்றேன். பிடித்துக்கொண்டது. இரண்டு பேருக்கு ஃபிட்டிங் செய்தேன்.

ஆனால் பழைய மெஷின்களுக்கு ஒயர்தான். என்னிடம் வருகிறவர்களில் பாதிப் பேர் காதில் பழைய மெஷின். நோயாளிகளுக்கு அவசரத்துக்குக் கொடுக்கவென்று டிராயரில் வைத்திருக்கிற இரவல் மெஷின்களும் பழையவை. அவை எல்லாம் இப்போது பிளாஸ்டிக் கொட்டைகள்.

"பாதிப் பேருக்கு ஆகுதுல்ல?" என்கிறான் அண்ணன்.

பாதிப் பேர்! படிக்கட்டில் பாதிப் படியை எடுத்துவிட்டு ஏறிப் பார்க்கச் சொல்ல வேண்டும் இவனை.

மார்ச் 13, வெள்ளி

வீட்டுக்காரரிடம் கத்திவிட்டேன். இவர் செய்த தப்பு என்ன? ஒன்றுமில்லை. டிரைவிங் ஸ்கூலில் நாள் முழுக்கக் கற்றுக்குட்டிகளுக்குப் பக்கத்தில் உட்கார்ந்து வந்த மனுஷன், நான் மூன்றாவது தடவை மேக் கதையை ஆரம்பித்ததும், "கொஞ்சம் கிளட்ச்சை விடும்மா" என்றார். அவ்வளவுதான். தட்டை டங்கென்று வைத்துவிட்டு எழுந்தேன்.

அமைதியாக இருக்கிறவர்களைப் பார்த்தாலே இப்போது பற்றிக்கொண்டு வருகிறது.

மார்ச் 16, திங்கள்

கிரேன்காரர் வந்தார், மனைவியோடு. சரக்கு யார்டில் பெரிய கிரேன் ஓட்டுகிறவர். இரைச்சலிலேயே இருந்து இரண்டு காதும் மங்கிவிட்டன. இரண்டு வருடமாக நான் கொடுத்த மெஷின்தான் போட்டுக்கொள்கிறார். மேலே கேபினில் உட்கார்ந்திருப்பவருக்குக் கீழே நிற்பவன் வாக்கி டாக்கியில் சொல்வது கேட்க வேண்டும். "நிறுத்து" என்பது கேட்காவிட்டால் கீழே ஆள் நசுங்கிப்போவான்.

வெள்ளிக்கிழமை யார்டு டாக்டர் காதைச் சோதிக்கிறாராம். தேறினால் கிரேன், இல்லையென்றால் ஸ்டோர் ரூமில் போல்ட் எண்ணும் வேலை. கொஞ்ச நாளாக வாக்கி டாக்கிச் சத்தம் குழறுகிறது என்றார். மறுபடியும் சோதித்துக் கணக்கைத் திருத்த வேண்டும். நாளைக்கு வரச் சொன்னேன்.

"வீட்டுல அவர் 'என்ன, என்ன'ன்னு கேக்கறதே எனக்குப் போதும்மா. நாள் முழுக்க வீட்லயே உக்காந்து கேட்டார்னா நான் கிரேன் ஏறிடுவேன்" என்றார் மனைவி. கிரேன்காரர் சிரித்தார். அது மட்டும் அவருக்கு எப்படியோ கேட்டுவிட்டது.

அவருடையது ஒயர் இல்லாமல் பேசுகிற புது மெஷின். அதனால் பயமில்லை.

மார்ச் 17, செவ்வாய்

செத்துவிட்டது. இடது காது மெஷின். என் கையில்.

நடந்ததை நடந்தபடி எழுதுகிறேன். கிரேன்காரரின் மெஷினைச் சேர்த்ததும், "மெஷினின் உள் மென்பொருளைப் புதுப்பிக்க வேண்டும், நடுவில் இணைப்பைத் துண்டிக்காதீர்கள்" என்று சாஃப்ட்வேர் சொன்னது. வழக்கம்தான். கால் மணிநேரம் ஆகும். தொடங்கிவிட்டு, அதற்குள் அவரைச் சத்தமில்லாத அறைக்குக் கூட்டிப்போய்க் காதைச் சோதித்தேன். திரும்பி வந்தால் திரை கறுப்பு. தொட்டதும் விழித்தது. உள்ளே: "இணைப்பு அறுந்தது. புதுப்பித்தல் தோல்வி."

வலது முடிந்திருந்தது; இடது மெஷினில் உயிரில்லை. பேட்டரி மாற்றினேன். கழற்றி மாட்டினேன். ஊதினேன். ஊதினால் உயிர் வருமா? பைத்தியம் மாதிரி ஊதினேன்.

விண்டோஸில் 'தூங்காதே' என்று நானே வைத்திருந்தேன். சரியாகத்தான் வைத்திருந்தேன்! ஆனால் அது உள்ளே இருக்கிற, நிஜமாக இல்லாத கம்ப்யூட்டரின் தூக்கம். வெளியே இருக்கிற மேக்குக்குத் தனித் தூக்கம். உள்ளது விழித்திருந்தது, வெளியது, யாரும் தொடவில்லையே என்று கண்ணை மூடிவிட்டது. அதோடு பெட்டியும் போயிற்று. இதை ஆயிடுமிடம் முதல் நாளே கேட்டேன்: "நடுவில தூங்கிடாம பாத்துக்கணும்." என்ன சொல்லியிருப்பான்?

மேக் மேல் குற்றமில்லை. தூங்கச் சொன்னால் தூங்கும், விழித்திருக்கச் சொன்னால் விழித்திருக்கும். இந்த வேலைக்கு அதை யார் கூப்பிட்டது?

கம்பெனிக்கு அனுப்பினால் திரும்பிவரப் பத்து நாள். சோதனை வெள்ளிக்கிழமை. இரவல் மெஷின் டிராயரில் இருக்கிறது. எழுத ஒயர் வேண்டும். ஒயர் பெட்டிக்கு இந்த மேக் குருடு.

கிரேன்காரர் என் முகத்தைப் பார்த்துவிட்டு, "பரவால்லம்மா, விடுங்க" என்றார். அவர் திட்டியிருந்தால் நன்றாக இருந்திருக்கும்.

மார்ச் 20, வெள்ளி

ஒற்றை மெஷினோடு போயிருக்கிறார். தேறவில்லை.

மார்ச் 23, திங்கள்

இன்று கிரேன்காரரின் மனைவி தனியாக வந்தார். நேராக என் அறைக்கு வரவில்லை, வாசலில் நின்று தயங்கினார். "ஒண்ணு கேக்கணும்மா. எங்க மெஷின் அவ்வளவு பழசா?"

"யார் சொன்னா?"

"உங்க அண்ணன்தான் போன் பண்ணார். மெஷினுக்கு வயசாயிடுச்சு, அதான் செத்துப்போச்சு, புதுசா ஒரு ஜோடி வாங்கிடுங்கன்னு. அவர் 'சரி, டாக்டரம்மா சொன்னா வாங்கிடலாம்'ங்கறார். அதான் உங்ககிட்ட…"

எனக்கு எதிரே இருந்த சுவர் வெள்ளையாகவே தெரியவில்லை.

நாளைக்கு அவரையும் கூட்டிக்கொண்டு வரச் சொன்னேன். அண்ணன் இருக்கும்போது.

மார்ச் 24, செவ்வாய்

செய்துவிட்டேன்.

காலை பத்தரைக்கு ரிசப்ஷனில் நல்ல கூட்டம். கிரேன்காரர் உட்கார்ந்திருந்தார். பக்கத்தில் அண்ணன், கையில் புது மெஷின் படம் போட்ட வழவழ காகிதம். நான் போய் முன்னால் நின்றேன்.

"உங்க மெஷின் பழசாகிச் சாகலை. எங்க கம்ப்யூட்டரால செத்துது" என்றேன்.

அவர் காதைக் காட்டினார். "சத்தமாச் சொல்லுங்கம்மா. எனக்குக் கேக்கலை."

சத்தமாகச் சொன்னேன்.

"இன்னும் கொஞ்சம்."

"உங்க மெஷின்ல ஒரு கோளாறும் இல்லை! எங்க கம்ப்யூட்டர் நடுவுல தூங்கிடுச்சு! தப்பு எங்களோடது! புதுசு வாங்க வேண்டாம்! சரிபண்ணித் தரவேண்டியது எங்க பொறுப்பு!"

தெருவுக்கே கேட்டிருக்கும். உட்கார்ந்திருந்தவர்களில் பாதிப் பேருக்குக் காது கேட்காது என்பதுதான் அண்ணனுக்கு ஆறுதலாக இருந்திருக்க வேண்டும். அதுவும் நிலைக்கவில்லை. கூட வந்தவர்கள் ஆளுக்கு ஆள் காதில் குனிந்து சொல்ல ஆரம்பித்தார்கள். ஒரு தாத்தா, "எதும்மா தூங்கிச்சு?" என்று பேத்தியைக் கேட்டது மூலைவரை கேட்டது. அண்ணி ரிஜிஸ்டரில் தலையை நுழைத்துக்கொண்டார். தோள் குலுங்கியது. அழுகிறாரா சிரிக்கிறாரா, தெரியவில்லை.

எல்லோரும் போன பிறகு அண்ணன் என் அறைக் கதவைச் சாத்தினான்.

"நீ யார் பக்கம்?"

"பொய் சொல்லி விக்கப் பாத்தியே, வெக்கமா இல்லையா உனக்கு?"

"கிளினிக் பேரு போயிடும்னுதான் சொன்னேன். இவ்வளவு அழகா இந்த ரூமைப் பண்ணது யாருக்காக? உனக்காகத்தானே? அப்படி என்ன கெடுதல் பண்ணிட்டேன் உனக்கு?"

"ஒரு வார்த்தை கேட்டிருக்கலாமேண்ணா. வாங்கறதுக்கு முன்னாடி. ஒரே ஒரு வார்த்தை."

"கேட்டா நீ வேண்டாம்னுதான் சொல்லுவே. அதான் கேக்கலை."

இதைத்தான் மனசு திருப்பித் திருப்பி மென்றுகொண்டிருக்கிறது. மறந்துபோய்க் கேட்காமல் விட்டானென்றால் மன்னித்திருப்பேன். தெரிந்தே கேட்கவில்லை. அவனுக்கு வேண்டிய பதில் என்னிடம் இல்லை, அதனால் கேள்வியும் இல்லை. கல்யாணத்தில் இருந்து கிளினிக் போர்டு வரைக்கும் இப்படித்தானே? எப்பவுமே இப்படித்தானே?

ஒயர் பெட்டியைப் பையில் போட்டேன். டிராயரில் இருந்த இரவல் மெஷின்களை எடுத்துக்கொண்டேன்.

"விண்டோஸ் வந்தா சொல்லி அனுப்பு" என்று சொல்லிவிட்டு வந்துவிட்டேன்.

மார்ச் 25, புதன்

வீட்டில் இருக்கிறேன். துவைத்த துணியையே துவைக்கிறேன். அவன் கூப்பிடவில்லை. நான் ஏன் கூப்பிட வேண்டும்?

மார்ச் 27, வெள்ளி

சாயங்காலம் வீட்டுக்காரர் ஒரு லேப்டாப்பைக் கொண்டுவந்து மேஜைமேல் வைத்தார். டிரைவிங் ஸ்கூலில் பிள்ளைகள் சாலைக் குறிகளைப் பழகுகிற லேப்டாப். செங்கல் கனம். மூடியில் 'எல்' ஸ்டிக்கர். இரண்டு எழுத்துக் கட்டைகளைக் காணோம்.

"விண்டோஸ்தான்" என்றார். "திங்கக்கிழமை திருப்பித் தரணும்."

ஏன் எனக்கு இது முன்னாலேயே தோன்றவில்லை? எங்கேயாவது ஒன்றை இரவல் கேட்டிருக்கலாம். கிரேன்காரரின் சோதனைக்கு முன்னாலேயே கேட்டிருக்கலாம். அண்ணன் வாங்கியதை அண்ணனே சரிசெய்ய வேண்டும், அவன் வாயாலேயே தப்பு என்று சொல்ல வேண்டும் என்று நான் அதிலேயே நின்றுவிட்டேன். இதை நினைத்தால் அவன்மேல் இன்னும் கோபம் வருகிறது. என்மேலும்.

சாஃப்ட்வேரை ஏற்றினேன். ஒயர் பெட்டியைச் செருகினேன். "டிங்" என்றது. பெட்டியைக் கண்டுகொண்டது. அந்தச் சத்தத்துக்கு நான் அழுதுவிட்டேன். இவர் போய்த் தேநீர் போட்டார்.

மார்ச் 28, சனி

யார்டுக்குப் போனேன். கிரேன்காரர் மேற்பார்வையாளரிடம் சொல்லி என்னை உள்ளே விட ஏற்பாடு செய்திருந்தார். தலையில் ஹெல்மெட், மடியில் செங்கல் லேப்டாப், உட்காரக் கவிழ்த்த மரப்பெட்டி. தலைக்கு மேல் கிரேன், பக்கத்தில் லாரிகள், எங்கேயோ இரும்பை அறுக்கிறார்கள். என்ன இரைச்சல்! இவ்வளவு காலமாக இவரை நான் சத்தமில்லாத அறையில் உட்காரவைத்துக் கணக்குப் போட்டிருக்கிறேன்.

இரவல் மெஷினை இடது காதில் மாட்டி, ஒயரைக் கோத்து, அங்கேயே எழுதினேன். கிரேனுக்குக் கீழே நின்று சொல்கிறவரைத் தள்ளிப் போய் வாக்கி டாக்கியில் பேசச் சொன்னேன்.

"என்ன சொல்றார்?"

"'இறக்கு'ங்கறார். இல்ல… 'இழு'வா?"

கொஞ்சம் ஏற்றினேன். இஞ்சின் உறுமலைக் கொஞ்சம் அமுக்கினேன்.

"இப்போ?"

"'நிறுத்து.' தெளிவா இருக்கும்மா. 'நிறுத்து'ங்கறார்."

நாலைந்து தடவை மாற்றி மாற்றிப் பேசவைத்தேன். முதுகைத் திருப்பி நிற்கவைத்தும் சோதித்தேன். ஒன்றுகூடத் தப்பவில்லை. மறுசோதனைக்கு எழுதிக்கொடுத்திருக்கிறாராம். யார்டு டாக்டருக்கு நானே ஒரு குறிப்பு எழுதித் தந்தேன், முதல் தடவை மெஷின் ஏன் இல்லை என்று. அதிலும் மறைக்கவில்லை.

திரும்பும்போது மேற்பார்வையாளர் மெதுவாக வந்து கேட்டார்: "எனக்கும் கொஞ்ச நாளா ஒரு மாதிரி இருக்கு. இங்கயே பாக்க முடியுமா?"

மார்ச் 30, திங்கள்

லேப்டாப் திரும்பிப் போயிற்று. நானே ஒன்று வாங்கினேன். கறுப்பு. தடிமன். அழகே இல்லை.

ஏப்ரல் 8, புதன்

கிரேன்காரர் தேறிவிட்டார். பெரிய கிரேன் இப்போதைக்கு இல்லை, சின்னதில் ஆறு மாதம் பார்க்கிறார்களாம். சின்னது என்றாலும் கிரேன். மனைவி போனில், "இப்ப நான் முணுமுணுக்கறதும் கேக்குதும்மா. கொஞ்சம் குறைச்சு வெக்க முடியுமா?" என்றார்.

பழுதுபார்க்கப் போன இடது மெஷினையும் கம்பெனி திருப்பி அனுப்பிவிட்டது. அதுவரை நல்லதுதான்.

அண்ணன் இன்னும் கூப்பிடவில்லை. இவ்வளவு நடந்தும் இந்த மனுஷனுக்கு ஒரு போன் போட விரல் வரவில்லை.

ஏப்ரல் 14, செவ்வாய்

அண்ணி கூப்பிட்டார். குரலில் சிரிப்பை அடக்கிக்கொண்டு.

என் இடத்துக்கு அண்ணன் ஒரு புதுப் பெண்ணை அழைத்துவந்தானாம். படித்து முடித்த கையோடு வந்த சின்னப் பெண். அறையைச் சுற்றிக் காட்டியிருக்கிறான். வெள்ளைச் சுவர், வெள்ளை மேஜை, மேக். அந்தப் பெண் எல்லாவற்றையும் பார்த்துவிட்டு, மரியாதையாக, "நல்லா இருக்கு சார். விண்டோஸ் மெஷின் எந்த ரூம்ல இருக்கு?" என்று கேட்டாளாம்.

"இதுக்குள்ளயே இருக்கும்மா" என்று அண்ணன் விளக்கியிருக்கிறான். அவள் தன் பையில் கொண்டுவந்திருந்த ஒயர் பெட்டியைச் செருகிப் பார்த்துவிட்டு, "யோசிச்சுச் சொல்றேன் சார்" என்று போனவள் போனவள்தானாம்.

"அவ போன பிறகு ரொம்ப நேரம் அந்த நாற்காலியிலேயே உக்காந்திருந்தார்" என்றார் அண்ணி. "நான் போய், 'உங்க தங்கச்சி இதையேதானே சொன்னா'ன்னேன். என்மேல எரிஞ்சு விழுந்தார். அப்புறம் சாப்பிடலை."

நான் சொன்னால் அது எதற்கெடுத்தாலும் 'வேண்டாம்' என்கிறவளின் பேச்சு. ஊர் பேர் தெரியாத பெண் சொன்னால் சோறு இறங்கவில்லை. இதற்கு நான் சந்தோஷப்பட வேண்டுமா? படவில்லை. இன்னும் அதிகமாகத்தான் எரிகிறது.

அண்ணியிடம் ஒன்று மட்டும் கேட்டேன்: "அன்னைக்கு ரிசப்ஷன்ல நீங்க அழுதீங்களா, சிரிச்சீங்களா?"

"ரெண்டும்" என்றார்.

ஏப்ரல் 21, செவ்வாய்

வந்தான். வீட்டுக்கே. வாசலில் செருப்பைக் கழற்றிவிட்டு நின்றான், உள்ளே வரச்சொல்லும் வரைக்கும்.

மன்னிப்புக் கேட்கவில்லை. அது அவன் நாக்கில் ஏறாது. "கிரேன்காரர் வீட்டுக்குப் போயிட்டு வர்றேன்" என்றான். "மெஷின் பழசுன்னு சொன்னது பொய்னு சொல்லிட்டேன். அந்தம்மா நல்லாத் திட்டினாங்க. அவருக்கு எல்லாம் தெளிவாக் கேட்டுது."

நான் ஒரு நாற்காலியை இழுத்துப் போட்டேன்.

"நீ திரும்பி வரணும்னா என்ன செய்யணும்?"

சொன்னேன். விண்டோஸ். வாரத்தில் இரண்டு நாள்தான் வருவேன், மற்ற நாள் யார்டு, தொழிற்சாலை என்று போகிறேன், அதை விட மாட்டேன். ஒயர் மெஷின்காரர்கள் யாரையும் திருப்பி அனுப்பக் கூடாது. நோயாளியிடம் மெஷினைப் பற்றிப் பேசுவது நான் மட்டும்தான்.

"சரி" என்றான். இவ்வளவு சுலபமாகவா? எனக்குள் இன்னும் பத்துச் சண்டை மிச்சமிருந்தது. போட இடமில்லாமல் போயிற்று.

மே 4, திங்கள்

என் அறையில் விண்டோஸ். மேக் ரிசப்ஷனுக்குப் போய்விட்டது. அண்ணி அதில் வருகிறவர்களுக்கு நேரம் குறிக்கிறார், சிட்டாகப் பறக்கிறது. அதற்கேற்ற வேலை.

அண்ணனோடு பேசுகிறேன். தேவைக்கு. சிரித்துப் பேச இன்னும் வரவில்லை. வரும்போது வரட்டும்.

ஜூன் 8, திங்கள்

தொழிற்சாலை கேன்டீனில் ஐந்து பேருக்கு ஃபிட்டிங். மூன்றாவது ஆளின் காதில் ஒயரைக் கோத்துக்கொண்டிருந்தபோது அண்ணன் போன்.

"உன் ரூம் வெள்ளை நாற்காலி ஒண்ணு ஒடிஞ்சுபோச்சு. கடையில நிக்கறேன். எது வாங்கட்டும்?"

"கை வெச்சது. பெரியவங்க ஊனிக்கிட்டு எழுந்திருக்கணும்."

"கலர்?"

"எதுவா இருந்தா என்ன?"

கடைக்காரனிடம் என்னவோ கேட்டுவிட்டு மறுபடி லைனுக்கு வந்தான்.

"உயரம் எவ்வளவு இருக்கணும்?"

கேன்டீன் நாற்காலியிலிருந்து எழுந்து, என் முழங்காலுக்குக் கையை வைத்துப் பார்த்துச் சொன்னேன்.